ரிச்சர்டு சிக்மாண்டி

ரிச்சர்டு அடால்ஃப் சிக்மாண்டி (ஏப்ரல் 1, 1865 – செப்டம்பர் 23, 1929) ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். கூழ்மங்களின் இயல்பை விளக்கியமைக்காக 1925 ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பொன், வெள்ளி போன்ற உலோகங்களின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும்போது தோன்றும் நிறம், துகள்களின் நிலையையும் நீரின் தூய்மையையும் சார்ந்தது என்பதை இவரது ஆய்வுகள் தெளிவுபடுத்தின. தமிழ்நாட்டில் சிதம்பரம், பரங்கிப்பேட்டை ஆகிய இடங்களில் பிற்காலத்தில் நடைபெற்ற ஆய்வுகளும் இத்துறையைச் சார்ந்தவை.

வாழ்க்கை

சிக்மாண்டி வியன்னாவில் பிறந்தார். தந்தை அடால்ஃப் ஒரு பல் மருத்துவர். சிக்மாண்டியின் பதினைந்தாம் வயதில் தந்தை காலமானார். அதன்பின் தாயார் இர்மா பிள்ளைகளை வளர்த்தார். இளமையிலேயே வேதியியலில் ஈடுபாடு கொண்ட இவர், வீட்டில் சிறு ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துச் சோதனைகள் செய்து வந்தார். மலையேற்ற வீரரான இவரது அண்ணன் எமில் 1885 இல் ஆல்ப்சு மலையில் விழுந்து உயிரிழந்தார்.

வியன்னாவிலும் மியூனிக்கிலும் பயின்று 1889 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1897 முதல் 1900 வரை யெனா நகரிலுள்ள ஷாட் கண்ணாடித் தொழிற்சாலையில் பணியாற்றினார். 1903 இல் லாரா லூயிஸ் முல்லரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள். 1908 முதல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1929 இல் ஓய்வு பெற்றார். அடுத்த சில மாதங்களில் மறைந்தார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஆய்வுகள்

கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் செந்நிறம் ஊட்டப் பயன்படும் காசியசு ஊதா என்னும் நிறமி 17 ஆம் நூற்றாண்டு முதல் அறியப்பட்டதாகும். அது ஒரு தனிச் சேர்மமா, கலவையா என்பது நெடுங்காலமாக விவாதத்தில் இருந்தது. பொன் கூழ்மத்தையும் வெள்ளீய அமிலக் கூழ்மத்தையும் தனித்தனியே உருவாக்கி, இரண்டையும் கலந்து அந்நிறமியைப் பெற்றதன் மூலம் அது கலவையே என 1898 இல் சிக்மாண்டி நிறுவினார்.

பொன் குளோரைடு கரைசலை ஃபார்மால்டிகைடு கொண்டு ஒடுக்கி இவர் செந்நிறப் பொன் கூழ்மம் தயாரித்தார். சாதாரண வாலைவடிநீரைப் பயன்படுத்தியபோது சிவப்புக்கு மாறாக ஊதா அல்லது நீல நிறமே பெரும்பாலும் கிடைத்தது. நீரிலிருந்த மிகச் சிறிதளவு மாசுகளே இதற்குக் காரணம். எனவே நீராவியை வெள்ளிக் குழாயில் குளிர்வித்து, நீரை மீண்டும் வடித்துப் பயன்படுத்தினார். உப்புகள் சேரும்போது துகள்களின் மின்னூட்டத் தடுப்பு குறைந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அதனால் சிவப்பு ஊதாவாக மாறுகிறது. ஊன்பசை போன்ற பொருள்கள் இத்திரளலைத் தடுக்கும் ஆற்றலை அளக்க 1901 இல் பொன் எண் என்னும் அளவீட்டை அறிமுகப்படுத்தினார்.

கூரையின் துளை வழியே வரும் வெயிலில் தூசி மின்னுவதைப் போல, பக்கவாட்டிலிருந்து செலுத்தப்படும் வலுவான ஒளியில் கூழ்மத் துகள்கள் புள்ளிகளாக ஒளிர்கின்றன. இவ்வடிப்படையில் சைசு நிறுவனத்தின் சீடென்டாப்புடன் இணைந்து 1903 இல் மீநுண்ணோக்கியை உருவாக்கினார். ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு சிறிய துகள்களையும் இதனால் எண்ண முடிந்தது. பின்னர் இவர் உருவாக்கிய சவ்வு வடிகட்டிகள் குடிநீரில் நுண்ணுயிர்களைக் கண்டறியவும் பயன்பட்டன.

கடலூர் மாவட்டத்தில் கூழ்ம ஆய்வுகள்

சிக்மாண்டி மறைந்த 1929 ஆம் ஆண்டிலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய இயற்பியலாளர் எஸ். இராமச்சந்திர ராவ், பிசுமத் முதலியவற்றின் காந்தப் பண்பு கூழ்ம நிலையில் மாறுபடுவதை ஆராய்ந்தார்.

இப்பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் உள்ளது. அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து பெறப்பட்ட ஒரு பூஞ்சையைக் கொண்டு வெள்ளி நுண்துகள்களை உருவாக்கிய ஆய்வை இம்மையத்தினர் 2009 இல் வெளியிட்டனர். வெள்ளி நைட்ரேட்டு கலந்த நீர்மம் பழுப்பாக மாறியது துகள் உருவானதன் முதல் அடையாளமாக இருந்தது. எனினும் அந்நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், ஒளி உறிஞ்சலை அளந்தும் மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியும் உறுதி செய்தனர்.

வீட்டில் தயாரிக்கப்படும் வெள்ளிக் கூழ்மம்

இரண்டு வெள்ளிக் கம்பிகளை நீரில் நிறுத்தி மின்சாரம் செலுத்தி வெள்ளிக் கூழ்மம் தயாரிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தூய வாலைவடிநீரில் வெள்ளி பெரும்பாலும் அயனிகளாகவே இருப்பதால் நீர் நிறமற்றுக் காணப்படும். சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையிலான துகள்கள் உருவாகும்போது, அவை 400 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளியை உறிஞ்சுவதால் நீர்மம் மஞ்சளாகத் தோன்றும். துகள்கள் பெருத்தாலோ திரண்டாலோ பழுப்பும் சாம்பல் நிறமும் தோன்றும்.

கடலூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் காணப்படும் உவர்நீரில் குளோரைடு மிகுதி. அத்தகைய நீரில் கரையாத வெள்ளி குளோரைடு உண்டாகி நீர் பால்போல் கலங்கும். வெளிச்சம் பட்டால் அது கருக்கும். இது கூழ்ம வெள்ளி அன்று. அணிகலன் வெள்ளியில் கலந்துள்ள செம்பும் நீரில் இறங்கக்கூடும். ஆகவே அழகிய மஞ்சள் நிறம் துகள்கள் இருப்பதைக் காட்டுமே தவிர, தூய்மைக்கோ பாதுகாப்புக்கோ சான்றாகாது.

வெள்ளியைத் தொடர்ந்து உட்கொள்வோரின் தோல் நிலையாக நீலச் சாம்பல் நிறமடையும் ஆர்சிரியா என்னும் நிலை ஏற்படலாம். உட்கொள்ளும் அல்லது பூசும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ பொதுவாக ஏற்கப்படவில்லை என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1999 இல் அறிவித்தது.