ஒரு கையில் போலீஸ், மறு கையில் ரேடியோ
சர்தார் பட்டேல் வாழ்க்கையிலிருந்து

1948-ம் ஆண்டு, ஜனவரி 30-ந் தேதி. வெள்ளிக்கிழமை மாலை.

டெல்லி பிர்லா மாளிகையில் காந்திஜியும் சர்தார் வல்லபாய் பட்டேலும் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டேலின் மகள் மணிபென்னும் பக்கத்தில் இருந்தார். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. பிரார்த்தனை நேரமான ஐந்து மணியும் தாண்டிவிட்டது. காந்திஜி எழுந்தார். பட்டேல் விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

மணி 5-17. மூன்று குண்டுகள் காந்திஜியின் மீது பாய்ந்தன.

பட்டேல் வீடு போய்ச் சேர்ந்ததும் சேதி வந்தது. வந்த வழியே திரும்பினார். சற்று முன் தம்மோடு பேசிக்கொண்டிருந்தவரின் உயிரற்ற உடல் அருகே உட்கார்ந்தார்.

அழுவதற்குக்கூட அவருக்கு நேரம் இல்லை. அவர் உள்நாட்டு மந்திரி. போலீஸ் அவர் பொறுப்பு. செய்தி ஒலிபரப்பு மந்திரியும் அவரே. ரேடியோவும் அவர் பொறுப்பு. கொன்றவன் யார் என்று நாடே கேட்கப்போகிறது. தவறான பதில் முந்திக்கொண்டால் ஊர் ஊராக ரத்த ஆறு ஓடும்.

அந்தச் சோதனையை அவர் எப்படித் தாங்கினார்? அதைப் புரிந்துகொள்ள அவரது பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

பட்டேல் 1875-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி குஜராத்தில் நடியாத் என்ற ஊரில் பிறந்தார். குடியானவர் குடும்பம். வக்கீல் தொழில் செய்து பணம் சேர்த்து, லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆனார். 1913-ல் திரும்பி வந்து ஆமதாபாத்தில் தொழில் நடத்தினார். காந்திஜியைப் பற்றிப் பேச்சு வந்தால் கிளப்பில் சீட்டாடிக்கொண்டே கேலி செய்வாராம். அப்படிப்பட்டவர்தான் சில ஆண்டுகளில் காந்திஜியின் வலது கையாக மாறினார்.

1923-ல் போர்சாத் தாலுகாவில் கொள்ளைக்காரர்களின் அட்டகாசம். பொழுது சாய்ந்தால் ஜனங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கினார்கள். வெள்ளைக்கார சர்க்கார் கூடுதல் போலீசைப் போட்டது. அந்தச் செலவுக்காக வயது வந்த ஒவ்வொருவரும் இரண்டு ரூபாய் ஏழு அணா வரி கட்ட வேண்டும் என்றது. ஜனங்களே கொள்ளைக்காரர்களுக்கு உதவுகிறார்கள் என்று பழியும் போட்டது.

பட்டேல் நேரில் விசாரிக்க ஏற்பாடு செய்தார். போலீசாரே கொள்ளையருக்கு உடந்தையாக இருந்தது தெரிந்தது. அதை ஊரறியச் சொன்னார். தொண்டர்களை இரவுக் காவலுக்கு அனுப்பினார். ஜனங்களின் பயம் தெளிந்தது. சில வாரங்களில் சர்க்கார் வரியை ரத்து செய்தது. உண்மை வெளியே வந்தால் பாதி பயம் போய்விடும் என்ற பாடம் இது.

பர்தோலி பத்திரிகை

1928-ல் பர்தோலி தாலுகாவில் நிலவரியை 22 சதவீதம் உயர்த்தினார்கள். வரி கொடுக்க மாட்டோம் என்று குடியானவர்கள் எழுந்தார்கள். பட்டேல் தலைமை ஏற்றார். அதிகாரிகள் எருமைகளையும் பாத்திரங்களையும் ஜப்தி செய்தார்கள். நிலமே ஏலத்துக்குப் போகும் என்று பயமுறுத்தினார்கள். அந்த ஊர் வரி கட்டிவிட்டது, இந்த ஊர் பணிந்துவிட்டது என்ற வதந்தி ஒன்று போதும், போராட்டம் கலைந்துவிடும்.

பட்டேல் என்ன செய்தார் தெரியுமா? செய்திக்கென்றே தனியாக ஒரு பிரிவு வைத்தார். தினமும் செய்தித்தாள் அச்சாகி ஊர் ஊராகப் போயிற்று. எந்த ஊரில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வதந்திக்கு இடமே இல்லை. கடைசியில் சர்க்கார் விசாரணைக்கு இணங்கியது. வரி உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. சர்தார் என்ற பட்டம் பர்தோலி கொடுத்ததுதான்.

இரண்டு இலாகா, ஒரே மந்திரி

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால சர்க்காரில் உள்நாட்டு இலாகாவும் செய்தி ஒலிபரப்பு இலாகாவும் பட்டேலிடம் வந்தன. சுதந்திரம் வந்தபோது நம் நாட்டில் இருந்தவை ஆறே ரேடியோ நிலையங்கள். அவற்றில் இரண்டு சென்னையும் திருச்சியும். நாட்டுக்குச் சொந்தமாக ஒரு செய்தி நிறுவனமும் தேவைப்பட்டது. பி.டி.ஐ. நிறுவனம் 1947 ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் பதிவாயிற்று. அதற்குப் பட்டேல் ஊக்கம் கொடுத்தார்.

நாடு பிரிந்ததும் பஞ்சாபும் டெல்லியும் பற்றி எரிந்தன. முஸ்லிம்கள் அடைக்கலம் புகுந்திருந்த நிஜாமுதீன் தர்காவுக்குப் பட்டேல் நேரில் போய்த் தைரியம் சொன்னார். காவல் தவறக்கூடாது என்று போலீஸ் அதிகாரியை எச்சரித்தார். செப்டம்பர் 30-ந் தேதி அமிர்தசரசில், சொந்தபந்தங்களை இழந்து கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னே நின்றார். பாகிஸ்தானுக்குப் போகும் முஸ்லிம் அகதிகளைத் தொடாமல் வழிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

முன்கூட்டியே வெடித்த குண்டு

1948 ஜனவரி 20-ந் தேதி பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு வெடிகுண்டு வெடித்தது. யாருக்கும் காயமில்லை. மதன்லால் பாவா என்ற அகதி பிடிபட்டான். கூட்டாளிகளைப் பற்றிச் சில துப்புகளும் கிடைத்தன.

காவலை அதிகமாக்கினார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனை போடவும் பட்டேல் விரும்பினார். காந்திஜி ஒப்பவில்லை. கடவுளைத் தொழ வருகிறவர்களைச் சோதிப்பதா என்பது அவர் எண்ணம். கிடைத்த துப்புகளைப் பிடித்துக்கொண்டு போலீசாரும் வேகமாகப் போகவில்லை. பத்தே நாளில் விபரீதம் நடந்துவிட்டது.

அந்த இரவு

பிர்லா மாளிகை முன்னே கூட்டம் திரண்டது. கொன்றவன் முஸ்லிம் என்று ஒருவர் கத்தினார். அப்போதுதான் வந்து இறங்கிய கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன், இல்லை, அவன் இந்து என்று உடனே மறுத்துச் சொன்னார். உண்மையில் அந்த நிமிஷத்தில் அவருக்கே அது தெரியாது! கலகத்தைத் தடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில் சொல்லிவிட்டார். அது உண்மையாக இருந்தது நாட்டின் அதிர்ஷ்டம்.

பிடிபட்டவன் நாதுராம் கோட்சே. பூனாவில் ஒரு மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர். அன்று மாலையே ரேடியோ இரண்டையும் நாட்டுக்குச் சொன்னது: காந்திஜி மறைந்தார், கொன்றவன் ஓர் இந்து. அந்தச் சேதியால் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் பிழைத்தனவோ, கணக்கில்லை. இரவில் நேருவும் பட்டேலும் ரேடியோவில் பேசினார்கள். கோபம் வேண்டாம், பழிவாங்கல் வேண்டாம், காந்திஜியின் வழியை மறக்கவேண்டாம் என்று பட்டேல் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ என்ற அறிவிப்பாளர் ரேடியோவில் மணிக்கணக்காக வர்ணித்தார். டெல்லிக்குப் போக முடியாத லட்சோபலட்சம் பேர் இருந்த இடத்திலிருந்தே அதைக் கேட்டார்கள்.

ஆனாலும் எல்லாத் தீயும் அணைந்துவிடவில்லை. கோட்சே எந்த ஜாதி என்று தெரிந்ததும், பூனா, சதாரா, கோலாப்பூர் பக்கங்களில் ஒரு பாவமும் அறியாத பிராமணக் குடும்பங்களைத் தாக்கினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, காவலும் கூடவே போகவேண்டும் என்பதற்கு அது சாட்சி.

பிப்ரவரி 4-ந் தேதி ஆர்.எஸ்.எஸ். இயக்கத்துக்குச் சர்க்கார் தடை விதித்தது. காரணங்களைச் சொல்லி அறிக்கையும் வெளியிட்டது. 1949 ஜூலையில் அந்தத் தடை நீங்கியது.

சுமந்த பழி

காந்திஜியைக் காப்பாற்றத் தவறிவிட்டார் என்று பட்டேல் மீது பழி விழுந்தது. பத்திரிகைகளிலும் கண்டனம் வந்தது. ரேடியோ அவர் கையில் இருந்தது, அதிகாரமும் இருந்தது. ஆனால் கேட்டவர்களின் வாயை அவர் அடைக்கவில்லை. சட்டசபையில் எழுந்து, என்ன காவல் போட்டோம், காந்திஜி எதைத் தடுத்தார் என்று விளக்கினார். பதவியை விட்டுப் போய்விடவும் எண்ணினார். ஆனால் அவரும் நேருவும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது காந்திஜியின் கடைசி ஆசை. அதற்காகப் பதவியில் நீடித்தார்.

மனத்தின் பாரத்தை உடம்பு தாங்கவில்லை. 1948 மார்ச் 5-ந் தேதி மாரடைப்பு வந்தது. பிழைத்தெழுந்து சுதேச சமஸ்தானங்களை நாட்டோடு இணைக்கும் வேலையை முடித்தார். 1950 டிசம்பர் 15-ந் தேதி பம்பாயில் காலமானார். வயது 75.

போலீஸ் தவறியது உண்டா என்று ஆராய நீதிபதி கபூர் தலைமையில் பின்னாளில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. போலீஸ் விசாரணையில் இருந்த குறைகளை 1969-ல் அது எடுத்துச் சொன்னது.

காவல் தோற்ற நாளிலும் செய்தி தோற்கவில்லை. இன்று வதந்தி பறக்கும் வேகம் பட்டேல் காலத்தில் யாரும் கனவிலும் காணாத வேகம். ஊரில் ஏதாவது விபரீதம் என்று காதில் விழுந்தால், அடுத்தவரிடம் சொல்வதற்கு முன் நாமும் ஒரு நிமிஷம் நின்று கேட்கவேண்டும்: இது உண்மைதானா?