செல்ஃப் தந்த கெட்டரிங்

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி எங்க அப்பாவின் பழைய டாக்சியில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. மறுநாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்பதோடு சரி. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம். ஆல்டர்னேட்டரையே மாற்றணும் என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். கையில் இருந்ததோ என் பரீட்சை ஃபீஸ். ஆட்டோமொபைல் படிக்கிற நானே பார்க்கட்டும் என்று அப்பா முடிவு பண்ணிட்டார். எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வந்த நம்பிக்கை! எனக்கோ உதறல். அன்று ராத்திரி லைப்ரரி புத்தகத்தில் சார்ஜிங் பாடத்தைத் தேடினபோதுதான் சார்லஸ் கெட்டரிங் கிடைத்தார்.

1876ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொஞ்ச நாள் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். கண் கோளாறால் படிப்பு நடுவில் நின்று, டெலிபோன் லைன் இழுக்கும் வேலைக்குப் போனார். திரும்பி வந்து 1904ல்தான் இன்ஜினியர் பட்டம் வாங்கினார். அப்போது வயசு 28ஐ நெருங்கிவிட்டது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. கையால் சுற்றிய அந்த மெஷினுக்குச் சின்ன மோட்டார் பொருத்தினார். இங்கேதான் விஷயம் இருக்கு. அந்தக் காலத்துக் காரை ஹேண்டில் போட்டுச் சுற்றணும்; இன்ஜின் திருப்பி உதைத்தால் கை முறியும். மோட்டார் வைத்தால் அது ரொம்பப் பெரிசாக வேணும் என்று நினைத்தார்கள். சில விநாடி மட்டும் ஓடும் சின்ன மோட்டார் தன் சக்திக்கு மீறின லோடையும் தாங்கும், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது கல்லாப்பெட்டியில் கை வைத்தவருக்குத் தெரியும்.

1909ல் எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு டெல்கோ கம்பெனியை ஆரம்பித்தார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகைதான் ஒர்க் ஷாப். 1912 மாடல் காடிலாக் காரில் செல்ஃப் வந்தது. ஒரே மெஷின் 24 வோல்ட்டில் மோட்டாராக இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் ஓடினதும் அதுவே டைனமோவாகி 6 வோல்ட்டில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். எடுத்த கரண்டைத் திருப்பித் தராவிட்டால் செல்ஃப் எத்தனை நாளைக்கு?

பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவை 1947 வரை நடத்தினார். 1921ல் பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் அவர் ஆட்கள்தான். 1924ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் செத்த பிறகும் அவர் அதை விடவில்லை. நம் நாட்டில் அந்த பெட்ரோல் ஒழிய 2000ஆம் வருஷம் ஆச்சு. இது எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்கவும் மனசில்லை. 1958ல் காலமானார்.

விடிந்ததும் மீட்டர் வைத்தேன். இன்ஜின் ஓடும்போதும் பேட்டரியில் 12.1 வோல்ட்தான். 14 பக்கம் வரணும். பெல்ட் டைட்டாகவே இருந்தது. இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகடிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரைப் பிரித்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து சிலிப் ரிங்கைத் தொடவே இல்லை! புதுசு வாங்கி சால்டர் வைத்தேன். மறுபடி தள்ளி ஸ்டார்ட் பண்ணினதும் 14.1.

அப்பா மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்துவிட்டது. தீபாவளி சவாரி ஒன்றுகூடத் தவறவில்லை, ஃபீஸும் கட்டியாச்சு.