இசைத்தட்டில் வாழும் குரல்: காத்லீன் ஃபெரியர் அம்மையார்

ஓவியர் மறைந்தாலும் அவர் தீட்டிய ஓவியம் சுவரில் இருக்கும். கவிஞர் மறைந்தாலும் கவிதை ஏட்டில் இருக்கும். ஆனால் பாடகர் மறைந்தால் அவருடைய குரலும் அவரோடு மறைந்துவிடும் என்பதே பல்லாயிரம் ஆண்டுகளாக உலக வழக்கு. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பின்னரே மறைந்தவர்களின் பாட்டையும் நாம் கேட்க முடிகிறது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு ஐரோப்பியச் செவ்வியல் இசைப் பதிவுகளை விரும்பிக் கேட்டு வருகிறோம். பாக், ஹாண்டல், குளுக், மாலர் ஆகிய இசை மேதைகளின் படைப்புகளைப் பலர் பாடிக் கேட்டோம். ஆயினும் ஒரு குரலிடம் மட்டும் மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறோம். அது இங்கிலாந்து நாட்டுப் பாடகி காத்லீன் ஃபெரியர் அம்மையாரின் குரல். பெண்களின் குரல்களில் மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதைக் கான்ட்ரால்ட்டோ என்பார்கள். அம்மையாருடையது அவ்வகைக் குரல். கேட்கக் கேட்க, இவர் யார், எவ்வாறு வளர்ந்தார் என்று அறியும் ஆவல் எங்களுக்கு எழுந்தது. நாங்கள் அறிந்தவற்றைத் தோழியரோடும், அருட்சகோதரியரோடும், பெற்றோரோடும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஹையர் வால்ட்டன் என்னும் சிற்றூரில் காத்லீன் பிறந்தார். தந்தை வில்லியம் பள்ளித் தலைமையாசிரியர். தாயார் பெயர் ஆலிஸ். தந்தைக்குப் பிளாக்பர்ன் நகரில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்த தொழில் நகரம் அது. சிறுமி காத்லீன் பியானோ கற்றார். பாடகியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. பியானோ வாசிப்பதில்தான் அவருடைய ஆசையெல்லாம்.

பதினான்காம் வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. தந்தை ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொடர்ந்து படிக்க வைக்கவோ, இசைக் கல்லூரிக்கு அனுப்பவோ குடும்பத்தில் வசதி இல்லை. எங்களை விட ஒரு வயது இளைய அந்தப் பெண், பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார். அழைப்பவரின் எண்ணைக் கேட்டு இணைப்புக் கொடுப்பதே வேலை. ஏறக்குறைய 9 ஆண்டுகள் தொலைபேசிப் பணியில் கழிந்தன.

வேறொருவராக இருந்தால் பியானோவை மூடி வைத்திருப்பார். காத்லீன் மூடவில்லை. வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார். 1928-இல் இளம் பியானோ கலைஞர்களுக்காக நடந்த நாடளாவிய போட்டியில் தம் வட்டாரத்தில் வென்று ஒரு புதிய பியானோவைப் பரிசாகப் பெற்றார். இலண்டனில் நடந்த இறுதிச் சுற்றில் வெற்றி கிட்டவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவும் இல்லை. 1931-இல், 19-ஆம் வயதில், இலண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நடத்திய பட்டயத் தேர்வில் தேறினார். பள்ளியை விட்டவர், வேலை பார்த்துக்கொண்டே பெற்ற தேர்ச்சி இது.

அவர் வாழ்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவை ஒன்று 1936-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதற்கு நல்ல குரல் வேண்டுமென்று தொலைபேசிப் பணிப்பெண்களிடையே தேர்வு நடத்தினார்கள். காத்லீனும் முயன்று பார்த்தார். இறுதித் தேர்வுக்குக்கூட அவரை எடுக்கவில்லை. நேரம் சொல்லத் தகாது என்று ஒதுக்கப்பட்ட குரலைத்தான் பின்னர் உலகமே காசு கொடுத்துக் கேட்டது!

1935-இல் வங்கி ஊழியர் ஒருவரை மணந்தார். மணமான பெண்களுக்கு அக்காலத்தில் அந்நாட்டு அஞ்சல் துறையில் வேலை இல்லை. ஆகவே தொலைபேசிப் பணியை விட வேண்டியதாயிற்று. அந்த இல்லறமும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அவர் வாழ்வின் திருப்பம் அக்காலத்தில்தான் வந்தது. 1937-இல் கார்லைல் நகர இசை விழாவில் பியானோப் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டியிலும் சேர உனக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். காத்லீன் இரண்டிலும் சேர்ந்தார். இரண்டிலும் முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 24. அதன் பிறகே முறையாகக் குரற்பயிற்சி பெறத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தில் மக்களின் மனச்சோர்வைப் போக்க, இசையையும் கலைகளையும் ஊர் ஊராகக் கொண்டு செல்ல அரசு உதவியுடன் ஓர் அமைப்பு இயங்கியது. 1941 முதல் அதன் சார்பில் தொழிற்சாலைகளிலும் சிற்றூர்களிலும் அவர் பாடினார். 1942-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் தம் அக்காள் வினிஃபிரெடுடன் இலண்டனில் குடியேறினார். 1943-ஆம் ஆண்டு மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹாண்டலின் மெசாயா இசைக்காவியத்தில் பாடினார். அதைக் கேட்ட இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், தம்முடைய புதிய இசை நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை அவருக்கென்றே எழுதினார். 1946-இல் அது கிளைண்ட்போர்னில் அரங்கேறியது.

1947-இல் எடின்பரோ விழாவில் இசை நடத்துநர் புரூனோ வால்ட்டர் தலைமையில், மாலர் இயற்றிய பூமியின் பாடல் என்னும் படைப்பை அவர் பாடினார். வால்ட்டர், மாலரின் நெருங்கிய சீடர். ஆசிரியர் இறந்த 1911-ஆம் ஆண்டிலேயே இப்படைப்பை முதன்முதலில் அரங்கேற்றியவர். யூதராகப் பிறந்ததால் 1938-இல் ஆஸ்திரியாவை இழந்து அகதியானவர். அவரைப் பிரிந்திருந்த வியன்னா வாத்தியக் குழு, எடின்பரோவில்தான் மீண்டும் அவரோடு ஒன்று சேர்ந்தது. உலகை விட்டு விடைபெறும் இறுதிப் பகுதியில் துக்கம் தொண்டையை அடைக்க, கடைசிச் சொற்களை அம்மையாரால் பாட இயலவில்லை. கலைஞருக்கு இது அழகன்று என்று எண்ணி அவர் வால்ட்டரிடம் மன்னிப்புக் கேட்டார். வால்ட்டரோ அவரைத் தம் வாழ்நாளில் பெற்ற பெரும் பேறாகக் கருதினார்.

இனி இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பெரிய தட்டிலும் ஒரு பக்கத்தில் 4 அல்லது 5 நிமிடப் பாட்டுக்கே இடம் உண்டு. பாடும்போதே ஒலி தட்டில் வெட்டப்படும். நடுவில் பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. முதலிலிருந்து மீண்டும் பாட வேண்டும். அத்தகைய தட்டில்தான் 1946-இல் குளுக் இயற்றிய ஓர்ஃபியோ நாடகத்தின் சோகப் பாடலை அம்மையார் பதிந்தார். இசை மேடைகளை அறியாத எளிய குடும்பங்களும் அதை வாங்கின. 1949-இல் பதிந்தது, ப்ளோ தி விண்ட் சதர்லி என்னும் நாட்டுப்பாடல். கடலுக்குச் சென்ற அன்பனை எதிர்நோக்கும் பெண் பாடுவது அது. பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை, தனிக்குரல் மட்டுமே. ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஓடும் அப்பாட்டில் சுருதி சற்றும் விலகவில்லை. முதன்முதல் கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நலம் என்பது எங்கள் கருத்து.

புகழின் உச்சியில் நின்றபோது துன்பம் வந்தது. 1951-இல் மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஏப்ரல் மாதம் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜூன் மாதமே மேடைக்குத் திரும்பினார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் வியன்னாவில், வால்ட்டர் தலைமையில், பூமியின் பாடல் பதிவாயிற்று. கடும் வலியைத் தாங்கிக்கொண்டு பாடிய பதிவு அது. எடின்பரோவில் பாட முடியாமற்போன அந்த இறுதிச் சொற்கள் இப்பதிவில் முழுமையாக ஒலிக்கின்றன. அவர் வலியோடு பாடினார் என்பதை அறியாமல் முதலில் கேட்டோம். அறிந்த பின்னும் கேட்டோம். குரலில் வலியின் சுவடு எங்கும் எங்களுக்குத் தென்படவில்லை. பாட்டின் துயரம் மட்டுமே அதில் இருக்கிறது.

அவ்வாண்டு அக்டோபர் 7, 8 ஆகிய நாட்களில், ஏட்ரியன் போல்ட் தலைமையில் பாக், ஹாண்டல் ஆகியோரின் திருப்பாடல்களைப் பதிந்தார். நாம் திருப்பலியில் சொல்லும் இறைவனின் செம்மறி மன்றாட்டும் பாக்கின் இசையில் அதில் உள்ளது. நம் அருட்சகோதரியர்க்கு இப்பதிவு மிகவும் பிடிக்கும் என்று நம்புகிறோம். இதற்கு ஒரு தனி வரலாறும் உண்டு. இருபக்க ஒலி முறை பரவிய பின், 1960-இல், போல்ட் அதே வாத்தியக் குழுவைக் கொண்டு, பழைய பதிவிலிருந்த குரலுக்குப் பொருந்துமாறு இசையைப் புதிதாக வாசிக்கச் செய்தார். மறைந்த பாடகிக்கு உயிரோடிருந்தவர்கள் பக்கவாத்தியம் வாசித்தார்கள்!

1953-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஓர்ஃபியோ நாடகத்தில் நடித்தார். 6-ஆம் நாள், இரண்டாம் முறை நடித்தபோது, நோயால் அரிக்கப்பட்டிருந்த தொடை எலும்பு மேடையிலேயே உடைந்தது. அவர் அலறவில்லை, கீழே விழவும் இல்லை. அசையாமல் நின்று இறுதிவரை பாடி முடித்தார். அவையோருக்கு நடந்தது தெரியவே தெரியாது. அங்கிருந்து மருத்துவமனைக்குச் சென்றவர் மீண்டும் மேடை ஏறவில்லை. 1953 அக்டோபர் 8-ஆம் நாள் இலண்டனில் இறைவனடி சேர்ந்தார். திருப்பாடல்களைப் பதிந்து முடித்து அன்றோடு சரியாக ஓராண்டு. வயது 41 மட்டுமே. அவர் பெயரால் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி ஏற்பட்டது. இளம் பாடகர்களுக்கு 1956 முதல் பரிசுகள் வழங்கப்பட்டு வருகின்றன.

பெற்றோர்களே, ஒரு சிறு விண்ணப்பம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பாட்டு வகுப்பையும் வீணை வகுப்பையும் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். தேர்வு முக்கியம் என்பதை நாங்களும் அறிவோம். ஆனால் நிறுத்தியதை மறுபடி தொடங்குவோர் சிலரே. நாள்தோறும் வேலைக்குச் சென்ற பெண் அரை மணியோ ஒரு மணியோ ஒதுக்கிப் பயின்றிராவிட்டால், கார்லைல் போட்டியும் இல்லை. இந்த இசைத்தட்டுகளும் இல்லை. அதில் ஒரு பகுதி நேரமேனும் உங்கள் மகளுக்கும் விட்டு வையுங்கள்.

தோழியரே, குடும்பச் சூழலால் இவ்வாண்டோடு படிப்பை நிறுத்தப் போகிறவர்களும் நம்மிடையே இருக்கலாம். அவர்களுக்காகவே இவ்வரலாற்றை முக்கியமாக எழுதினோம். பதினான்கு வயதில் பள்ளி வாயிலைத் தாண்டிய காத்லீன், கற்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

அம்மையாரின் பதிவுகள் இன்று குறுந்தகட்டிலும் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. இவ்விடுமுறையில் ஒரு மாலை வேளை, மற்ற ஓசைகளை அடக்கிவிட்டு, வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து அமர்ந்து கேளுங்கள். முதலில் அந்த நாட்டுப்பாடல்; அடுத்து ஓர்ஃபியோ; பிறகு பாக்கின் மன்றாட்டு. பூமியின் பாடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.