ஸர் அலெக்ஸாண்டர் பிளெமிங்

பெனிஸிலின் என்னும் ஔஷதத்தைக் கண்டறிந்த பிளெமிங்கின் பெயரைக் கேளாதார் நம்முள் இலர். ஆயினும் அவர் பண்ணை வீட்டிற் பிறந்தவரென்பதையும், அவர் கண்ட மருந்து தொழுவத்தை அடைந்து செய்த காரியத்தையும் அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

1881-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்து தேசத்தில் டார்வல் என்னும் ஊரையடுத்த ஒரு குன்றுப் பண்ணையில் அவர் பிறந்தார். ஏழாம் வயதிலே தந்தையை இழந்து, பதின்மூன்றாம் வயதில் லண்டன் சேர்ந்து, நான்கு வருஷம் கப்பற் கம்பெனியொன்றிற் குமாஸ்தாவாய் உழைத்தார். உறவினரொருவர் வைத்துச் சென்ற பொருளைக்கொண்டே வைத்தியங் கற்கலானார். 1914-இல் மூண்ட மகா யுத்தத்தில், பிரான்ஸ் தேசத்திற் போர்வீரரின் புண்களை ஆராய்ந்த அவர், அக்காலத்துக் கிருமிநாசினிகள் கிருமிகளைவிட உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே மிகுதியாய்க் கொல்லுவதைக் கண்டார். 1928-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், விடுமுறை கழித்துத் திரும்பியபோது, கிருமி வளர்த்த தட்டொன்றிற் பூஞ்சணம் படர்ந்து, அதனைச் சூழ்ந்த கிருமிகள் கரைந்திருக்கக் கண்டார். பிறரெனில் கழுவி வைத்திருப்பர். அதனைச் சுத்தி செய்து மருந்தாக்கியோர் ஆக்ஸ்போர்டு நகரத்துப் புளோரி, செயின் முதலியோரே. அவர்தம் புகழ் மங்கியது நியாயமன்றென்பது எம் கருத்து.

1945-இல் அவ்விருவரோடு நோபெல் பரிசு பெற்ற பிளெமிங், ஸ்டாக்ஹோம் நகரத்துச் சொற்பொழிவில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அளவிற் குறைந்த மருந்து கிருமிகளைக் கொல்லாது, மருந்தை எதிர்க்க அவற்றைப் பழக்கிவிடும் என்பதே அது. தொண்டை நோவுற்ற ஒருவன் அரைகுறையாய் மருந்துண்டு, அடங்காத கிருமியைத் தன் மனைவிக்குத் தந்து, அவள் மரணத்திற்குக் காரணமானதாக ஒரு கற்பனைக் கதையும் சொன்னார்.

அவர் மனிதரை எண்ணிச் சொன்னது தொழுவத்தில் நிகழ்ந்தது. கறவைப் பசுக்களின் மடிவீக்க நோய்க்குப் பெனிஸிலினைக் காம்பின் வழியே செலுத்தினர். நோய் தணிந்தது, ஆனால் மருந்து பாலிற் கலந்தது. அப்பாலிற் பாலாடைக்கட்டி செய்வோர் இட்ட உறை பிடிக்கவில்லை. உறையிலுள்ள நல்ல கிருமிகளை மருந்து கொன்றுவிட்டது. காய்ச்சினாற் கிருமி சாகும். பாலிற் கலந்த பெனிஸிலினோ முற்றும் அழியாது. 1950-ஆம் வருஷத்தையொட்டி, இத்தகைய மருந்துகளைத் தீவனத்திற் சிறிதளவு சேர்த்தாற் கோழியும் பன்றியும் விரைவிற் கொழுக்குமென்று அமெரிக்காவிற் கண்டனர். 1953-ஆம் வருஷத்துச் சட்டமொன்று பிரிட்டனிலும் அதற்கு இடந்தந்தது. நோயில்லாப் பிராணிக்கு நாள்தோறும் குறைந்த அளவில் மருந்து! கற்பனைக் கதையின் மனிதன் சில நாள் செய்ததைப் பண்ணைகள் ஆண்டு முழுதும் செய்தன. குடலில் மெலிந்த கிருமிகள் மாள, எதிர்க்க வல்லவை பெருகின. அவை அவ்வன்மையைப் பிறவினக் கிருமிகளுக்கும் கொடுக்க வல்லன. இறைச்சியை நன்கு வேகவைத்தால் அவை இறக்குமாயினும், பச்சை இறைச்சி தொட்ட கையும் அரிந்த பலகையும் அவற்றைப் பிற உணவிற் சேர்க்கும்.

1955-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி பிளெமிங் லண்டனிற் காலமாகி, செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். ஸ்வான் என்பார் தலைமையில் அமைந்த குழு, மனிதரின் வைத்தியத்திற்குரிய மருந்துகளைக் கொழுப்பிக்கும் தீவனத்தினின்று விலக்கவேண்டுமென 1969-இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கொழுப்பிக்கும் மருந்து யாவற்றையும் 2006-இலே தடுத்தது. கோலிஸ்டின் என்னும் கடைசித் துணையான மருந்தையும் எதிர்க்கும் மரபணு, சீன தேசத்துப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிடத்தும் காணப்பட்டதாக 2015-இற் செய்தி வெளிவந்தது. 2019-இல் நம் இந்திய அரசாங்கம், உணவுக்குரிய பிராணிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தலாகாதெனத் தடை விதித்தது.