துன்பத்தில் துணை நின்ற செபம்

துன்பம் வரும்போது கடவுளைக் கூவி அழைப்போர் பலர். துன்பம் நீங்காத போதும் அவரை விடாமல் பற்றிக்கொள்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் குமரி மண்ணில் பிறந்த புனித தேவசகாயம்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலம் என்னும் ஊரில் வசதியான இந்துக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். கல்வியிலும் போர்ப்பயிற்சியிலும் தேர்ந்த அவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். பார்கவி என்னும் நல்லாளை மணந்து இனிது வாழ்ந்தார்.

அப்போதுதான் சோதனை வந்தது. ஆடுமாடுகள் மடிந்தன, பயிர்கள் பாழாயின. இழப்பின்மேல் இழப்பு வர, அவர் மனம் சோர்ந்தார். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்துவந்த டிலனாய் என்பவர் அவருக்கு நண்பராக இருந்தார். நண்பரின் வாடிய முகத்தைக் கண்ட அவர், விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். யோபு செல்வத்தை இழந்தார், மக்களை இழந்தார், உடல் நலத்தையும் இழந்தார். இறைவனை மட்டும் இழக்கவில்லை. அந்த வரலாறு நீலகண்டனின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ எனப் பெயர் கொண்டார்.

துன்பம் அத்தோடு தீர்ந்ததா? இல்லை, பெருகியது! சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் அவர் பழகியது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749ஆம் ஆண்டு பொய்க்குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தனர். எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி பூசினர். தம் விசுவாசத்தைக் கைவிட்டிருந்தால் பழைய பதவியும் வாழ்வும் திரும்பக் கிடைத்திருக்கும். அவரோ விலங்கிட்ட கைகளைக் கூப்பிச் செபித்தார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது, செபித்து முழங்கையால் பாறையை இடிக்க நீர் சுரந்ததென மக்கள் பக்தியோடு கூறுவர். அவரைக் காண வந்தவர்கள் ஆறுதல் பெற்றுத் திரும்பினர்.

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். இறுதி நேரத்திலும் அவர் வேண்டியது செபிக்கச் சற்று அவகாசமே. அவரது கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அருளாளராகவும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இல்லற வாழ்வில் இருந்த இந்தியருள் புனிதர் நிலை அடைந்த முதல்வர் இவரே.

அன்புத் தோழியரே! இறந்த மாடுகள் எழுந்து வரவில்லை. பூட்டிய விலங்கும் கழன்று விழவில்லை. ஆயினும் அவர் செபம் வீண்போகவில்லை. சோர்ந்து கிடந்த மனிதரை அது மலைபோல் நிலைநிறுத்தியது. வீட்டில் நோயோ, வறுமையோ, தேர்வில் தோல்வியோ நேரும்போது நாமும் முழந்தாளிடுவோம். சுமையை எடுத்துவிடு என்று கேட்பதோடு, சுமக்கும் வலிமையைத் தா என்றும் கேட்போம்.