கொல்லிமலை இளைஞரின் அரசு வேலைக்கும் 1929-க்கும் என்ன தொடர்பு? யார் இந்த டாக்டர் சுப்பராயன்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத கீழே இறங்கி வருகிறார்கள் மலை கிராம இளைஞர்கள். இந்தத் தேர்வாணையத்தின் தொடக்கம் 1929. அப்போது சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவரும் இதே நாமக்கல் பக்கத்துக்காரர்தான். அவர் டாக்டர் ப.சுப்பராயன்.

யார் இவர்?

1889-ல் பிறந்தவர். திருச்செங்கோடு அருகே உள்ள குமாரமங்கலம் ஜமீன்தார். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதிக இடங்களைப் பிடித்த சுயராஜ்யக் கட்சியும் ஆட்சி அமைக்க மறுத்துவிட்டது. அதனால் எந்தக் கட்சியையும் சேராத சுப்பராயனுக்கு அழைப்பு வந்தது. 1930 வரை பதவியில் இருந்தார்.

பதவி இருந்தது, அதிகாரம்?

அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள்தான் அமைச்சர்கள் கையில். போலீஸ், நிதி, நில வருவாய் எல்லாம் ஆளுநர் பக்கம். 1928-ல் சைமன் கமிஷன் பிரச்சினையில் இரண்டு அமைச்சர்கள் விலக, நீதிக்கட்சி ஆதரவில் ஆட்சி தப்பியது. புதிதாக வந்த அமைச்சர் முத்தையா முதலியார், வகுப்புவாரி உரிமை ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

என்ன மாறியது?

சாதாரண மக்களுக்கு அரசாங்கம் என்றாலே தாசில்தார் ஆபீஸும் கர்ணமும்தான். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் கேள்வி. புதிய ஆணைப்படி 12 வேலை இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்கள் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1.

அடுத்து 1929-ல் சட்டம் போட்டு மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் அமைக்கப்பட்டது. ஆள் எடுப்பதற்கென்றே தனி அமைப்பு. அன்றைக்கு வேறு எந்த மாகாணத்திலும் இப்படி ஒன்று கிடையாது.

மலைக்கு எப்போது வந்தது?

அந்த 12-ல் மலைவாழ் மக்களுக்கென்று தனி இடம் இல்லை. பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதம் வந்தது 1990-ல்தான். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி பழங்குடியினர் இந்த 1 சதவீதத்தில்தான் போட்டி போடுகிறார்கள். அதாவது, தேர்வாணையம் வந்து சுமார் 60 வருஷம் கழித்துத்தான் அவர்களுக்கென்று தனிக் கதவு திறந்தது.

அப்புறம் சுப்பராயன்?

காங்கிரஸில் சேர்ந்து, 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வி, சட்டத் துறைகளைப் பார்த்தார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். மாநிலங்களுக்கு தேர்வாணையம் கட்டாயம் என்றது அந்த சபை எழுதிய அரசியல் சாசனம். 1957-ல் திருச்செங்கோடு எம்.பி., பிறகு நேரு அமைச்சரவையில் மத்திய அமைச்சர். 1962-ல் மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோதே காலமானார்.

ஓட்டு போட்டால் ஆட்சி மாறும். ஆனால் சாதிச் சான்றிதழில் கையெழுத்து போடுவது அதிகாரிதான். அந்தக் கை சிபாரிசில் வந்ததா, தேர்வில் வந்ததா? 1929-ல் சென்னை மாகாணம் முடிவு செய்தது இதைத்தான்.