வேலை போச்சு... ஸ்கிராபிள் பிறந்துச்சு! யார் இந்த ஆல்ஃபிரட் பட்ஸ்?

ஸ்கிராபிளில் கைக்கு 'எஸ்' வந்தால் கொண்டாட்டம், 'கியூ' வந்தால் திண்டாட்டம். ஏன் இப்படி?

1899-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அவருக்கு வேலை போச்சு. சும்மா இருக்காமல், ஆங்கில நாளிதழில் எந்த எழுத்து எத்தனை முறை வருதுன்னு எண்ணத் தொடங்கினார். அந்தக் கணக்கில்தான் 'இ' 12, 'கியூ' ஒன்றே ஒன்று. பன்மைச் சொற்கள் சுலபமாகிவிடக் கூடாதென்று 'எஸ்' நான்கோடு சரி.

நிறுவனங்கள் கைவிரித்தன. 1948-ல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு 'ஸ்கிராபிள்' எனப் பெயரிட்டு விற்கத் தொடங்கினார். 1950-களில் அமெரிக்காவே அதற்கு அலைமோதியது.

கையிலுள்ள 7 எழுத்தையும் ஒரே சொல்லில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். நீளமான சொல் தேடி இன்றும் மண்டையை உடைக்கிறோம். பட்ஸ் மறைந்தது 1993-ல். அவர் போட்ட எழுத்துக் கணக்கு ஆங்கில ஸ்கிராபிளில் இன்னும் மாறல.